மூலம் மாறினால் மொழிபெயர்ப்புக்குத் தெரியுமா?

ஒரு மென்பொருளுக்குப் பல மொழியில டாக்குமெண்டேஷன் எழுதலாம்னு ஒரு டீம் முடிவு பண்ணிட்டா, முதல் மீட்டிங்கோட முதல் கேள்வி "எந்த டூல்?" அப்படிங்கறதுதான். ஒருத்தர் விக்கிம்பார். இன்னொருத்தர் கிட்ஹப்தான் கதிம்பார். மூணாவது ஆள் ஓரமா உட்கார்ந்துகிட்டு, "கூகுள் டாக்ஸ்ல போட்டுட்டா எல்லாருக்கும் பழகினதுதானே"ன்னு மெதுவா ஆரம்பிப்பார். அப்புறம் ஒரு மணி நேரம் எதுல எடிட்டர் நல்லா இருக்கு, எதுல படம் ஒட்டறது சுலபம், எது ஓசி, எதுக்குக் காசுன்னு போகும். டீ வந்ததும் மீட்டிங் முடிஞ்சுடும்.

இதெல்லாம் ரெண்டாம்பட்சம்ங்கறது என் கட்சி. முதல்ல கேட்க வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். ஆங்கில மூலம் நாளைக்கு மாறினா, அது தமிழ்ப் பக்கத்துக்குத் தெரியுமா? (மூலம்னா ஒரிஜினல் டெக்ஸ்ட்ங்க. அந்த மூலம் இல்லை :-))

இது ஏன் இவ்வளவு முக்கியம்? ஒரு நாவலை மொழிபெயர்த்தா அதோட வேலை முடிஞ்சது. எழுதினவர் அடுத்த மாசம் வந்து மூணாவது அத்தியாயத்துல கதாநாயகனோட பேரை மாத்த மாட்டார். மென்பொருள் அப்படியா? ஒவ்வொரு ரிலீஸுக்கும் ஒரு மெனு இடம் மாறும், ஒரு கட்டளை வேற வேலை செய்ய ஆரம்பிக்கும், ஒரு எச்சரிக்கை புதுசா சேரும். ஆங்கிலப் பக்கத்தை அந்த வேலையைச் செஞ்ச புரோகிராமரே திருத்திடுவார். தமிழ்ப் பக்கம் இருக்கறதே அவருக்குத் தெரியாது.

ஒரு உதாரணம் பார்ப்போம். பழைய பதிப்புல 'ரீசெட்' பட்டன் அமைப்புகளை மட்டும்தான் பழைய நிலைக்குக் கொண்டு போகும்னு வச்சுக்குவோம். புதுப் பதிப்புல அது உள்ளே இருக்கற தகவல் எல்லாத்தையும் சேர்த்து அழிச்சுடும். ஆங்கிலப் பக்கத்துல சிவப்பு எழுத்துல எச்சரிக்கை போட்டாச்சு. தமிழ்ப் பக்கம் இன்னமும் "பயப்படாம அழுத்துங்க"ன்னு சொல்லிக்கிட்டு இருக்கு. அழுத்தறது யாரு? ஆங்கிலத்துல ஒரு தடவை சரிபார்த்துக்க முடியாததாலதான் தமிழ்ப் பக்கத்துக்கு வந்தவர். தமிழ்ல பக்கமே இல்லைன்னா பக்கத்துல யாரையாவது கேட்டிருப்பார். பக்கம் இருக்குங்கற நம்பிக்கையிலதான் அழுத்தினார். அதனால, இல்லாத மொழிபெயர்ப்பைவிட ஊசிப்போன மொழிபெயர்ப்பு மோசம்னு நான் நினைக்கறேன்.

இந்த ஒரு கேள்வியை வச்சுகிட்டு, கைக்குக் கிடைக்கற வழிகளை ஒவ்வொண்ணா உரசிப் பார்ப்போம்.

முதல்ல வேர்டு கோப்பு, கூகுள் டாக்ஸ் வகையறா. எழுத ரொம்ப சுகம். ஓரத்துல கமெண்ட் போடலாம், நாலு பேர் ஒரே நேரத்துல தட்டலாம். ஆனா ஆங்கில ஆவணமும் தமிழ் ஆவணமும் ஒண்ணுக்கொண்ணு முகம் தெரியாத ரெண்டு பேர். ஒண்ணு மாறினது இன்னொண்ணுக்குத் தெரியவே தெரியாது. "யார் எப்ப மாத்தினாங்க"ன்னு ஒரு எக்செல் ஷீட் வச்சு சமாளிக்கலாம்பாங்க. ஷீட்டை ஆரம்பிச்சவர் வேலை மாறிப் போற வரைக்கும் அது ஓடும். பத்துப் பக்க கையேடு, வருஷத்துக்கு ஒரு திருத்தம்னா இது போதும். அதுக்கு மேலன்னா வேண்டாம்.

அடுத்தது சாதா விக்கி. விக்கி மேல எனக்குத் தனிப் பாசம் உண்டு. யார் வேணும்னாலும் வந்து ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தலாம், எந்த மென்பொருளும் இறக்க வேண்டாம். ஆனா பெரும்பாலான விக்கியில பல மொழிங்கறது என்ன? ஆங்கிலப் பக்கத்தைக் காப்பி அடிச்சு இன்னொரு பேர்ல ஒட்டி, அதுக்கு மேல தமிழ்ல எழுதறது. அவ்வளவுதான். பக்கத்துக்கு வரலாறு உண்டு, ரெண்டு பக்கத்துக்கும் உறவு கிடையாது. ஆங்கிலம் இருபது தடவை மாறியிருக்கும், தமிழ் ஒட்டின நாள்ல அப்படியே நிக்கும்.

இதுக்குப் பெரிய உதாரணம் மொஸில்லாவோட எம்.டி.என். வெப் டெவலப்பர்கள் தினமும் எட்டிப் பார்க்கற இடம். 2005ல மீடியாவிக்கியில ஆரம்பிச்சு, 2008ல டெக்கிவிக்கிக்கு மாறி, 2012ல 'கூமா'ன்னு சொந்தமா ஒரு விக்கி செஞ்சு அதுக்குப் போனாங்க. யார் வேணும்னாலும் திருத்தலாம், எந்த மொழியிலயும் எழுதலாம். 2020 டிசம்பர்ல விக்கியையே விட்டுட்டு எல்லாத்தையும் கிட்ஹப்புக்குக் கொண்டு போனாங்க. அப்ப மொழிபெயர்ப்புகள் எல்லாத்தையும் உறைய வச்சாங்க. 2021ல பிரெஞ்சு, ஜப்பானியம், கொரியம், சீனம் மாதிரி, பொறுப்பு எடுத்துக்க ஆள் முன்வந்த சில மொழிகளைத் திரும்பத் திறந்தாங்க. ஆள் வராத பல மொழிகளோட பக்கங்களைத் தளத்துல இருந்தே எடுத்துட்டாங்க.

எடுத்தது தப்புன்னு நான் சொல்ல வரலை. பல வருஷம் யாரும் தொடாத பக்கத்தை வச்சுகிட்டு இருக்கறது படிக்கறவனுக்குச் செய்யற துரோகம். ஆனா ஒவ்வொரு பக்கத்துக்குப் பின்னாடியும் யாரோ ஒருத்தர் ராத்திரி உட்கார்ந்து சம்பளம் இல்லாம எழுதியிருக்காரே? எந்தப் பத்தி பழசு, எந்தப் பத்தி இன்னும் சரின்னு முதல்லேர்ந்தே பிரிச்சுச் சொல்ற ஏற்பாடு இருந்திருந்தா, நல்லா இருந்த பத்திகளையாவது காப்பாத்தியிருக்கலாம். பக்கம் பக்கமா மட்டும் யோசிச்சா, ஒரு வரி ஊசிப்போனதுக்கு மொத்தப் பக்கமும் குப்பைக்குப் போகும்.

மூணாவது, நம்ம புரோகிராமர் மக்களுக்குப் பிடிச்ச வழி. எல்லாத்தையும் கிட்ல போடு. ஒவ்வொரு மொழிக்கும் ஒரு ஃபோல்டர், மார்க்டவுன் கோப்பு, புல் ரெக்வெஸ்ட், ரிவ்யூ. குபெர்னெட்டீஸ் டாக்குமெண்டேஷன் இப்படித்தான் நடக்குது. அவங்க விதி ஒண்ணு எனக்கு ரொம்பப் பிடிக்கும். புது மொழி ஆரம்பிக்கணும்னா குறைஞ்சது ரெண்டு பேர் வேணும். ஏன்னா உங்க புல் ரெக்வெஸ்ட்டை நீங்களே அங்கீகரிக்க முடியாது. அதோட ஆங்கிலக் கோப்பு மாறியிருக்கான்னு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு ஸ்கிரிப்ட்டும் வச்சிருக்காங்க. ரியாக்ட் ஆட்கள் இன்னொரு வழி பண்ணினாங்க. ஒவ்வொரு மொழிக்கும் தனி ரெப்போ, ஆங்கிலத்துல மாறினதை ஒரு பாட் எடுத்துட்டு வந்து அந்த ரெப்போவுல புல் ரெக்வெஸ்ட்டா வைக்கும்.

ஆக, கிட் நம்ம கேள்விக்குப் பதில் சொல்லும். ஆனா தானா சொல்லாது, நீங்க ஸ்கிரிப்ட்டோ பாட்டோ எழுதி அதைச் சொல்ல வைக்கணும். அது இல்லாம ஃபோல்டர் மட்டும் பிரிச்சு வச்சா, அதுவும் சாதா விக்கி மாதிரிதான். கறுப்புத் திரையில தெரியறதால கொஞ்சம் கெத்தா இருக்கும், அவ்வளவுதான்.

இதுல பெரிய சிக்கல் வேற. நல்லா தமிழ் எழுதத் தெரிஞ்சவங்களுக்கு கிட் தெரியறதில்லை. ரிட்டயர் ஆன தமிழாசிரியர் ஒருத்தர், கணக்கு வழக்கு தெரிஞ்ச ஒரு கடைக்காரர், அரசு ஆபீஸ்ல இருபது வருஷம் ஃபைல் எழுதின ஒரு அம்மா... இவங்க எழுதற தமிழ் எனக்கும் உங்களுக்கும் வராது. "முதல்ல ரெப்போவை ஃபோர்க் பண்ணுங்க, பிராஞ்ச் போடுங்க, கான்ஃபிளிக்ட் வந்தா ரீபேஸ் பண்ணுங்க"ன்னு ஆரம்பிச்சா, "தம்பி, நீங்களே பார்த்துக்கங்க"ன்னு போயிடுவாங்க. அப்புறம் யாரு எழுதுவா? நாமதான். நாம எழுதினா "இந்த ஆப்ஷனை எனேபிள் பண்ணவும்"னு வரும் :-)

நாலாவது வழிக்கு வர்றேன். என் ஓட்டு இதுக்குத்தான். மூலத்தைப் பக்கமா பார்க்காம, பத்தி பத்தியா நறுக்கி, ஒவ்வொரு பத்திக்கும் மொழிபெயர்ப்பைக் கட்டி வைக்கற வழி.

புரோகிராமர்களுக்கு இது புதுசு இல்லை. கெட்டெக்ஸ்ட்டும் அதோட பி.ஓ. கோப்பும் எத்தனையோ வருஷமா இருக்கு. ஒரு பக்கம் மூல வாசகம், அதுக்குக் கீழ மொழிபெயர்ப்பு. மூலம் கொஞ்சம் மாறினா அந்த வரிக்கு 'ஃபஸ்ஸி'ன்னு ஒரு குறி விழும். அதாவது "இது இப்ப சந்தேகம், யாராவது பாருங்க"ன்னு அர்த்தம். மெனுவுக்கும் பட்டனுக்கும் பயன்பட்ட இந்த ஏற்பாட்டை டாக்குமெண்டேஷனுக்கும் கொண்டு வந்தாச்சு. பைத்தானோட ஆவணங்களுக்காகவே பிறந்த ஸ்ஃபிங்க்ஸ், பக்கத்தைப் பத்தி பத்தியா பிரிச்சு பி.ஓ. கோப்பாக் குடுக்கும். மொழிபெயர்ப்பு சந்தேகம்னு குறி விழுந்தா, அந்தப் பத்தி மட்டும் ஆங்கிலத்துக்குத் திரும்பிடும். மத்ததெல்லாம் தமிழ்லயே இருக்கும். நம்ம 'ரீசெட்' கதையை இங்க வச்சுப் பாருங்க. தமிழ்ப் பக்கத்துக்கு நடுவுல திடீர்னு ஒரு பத்தி ஆங்கிலத்துல நிக்கும். அழகா இருக்காது. ஆனா படிக்கறவர் ஒரு நொடி தயங்குவார், பக்கத்துல யாரையாவது கேட்பார். தகவல் பிழைச்சுடும்.

பைத்தான் ஆட்கள் 2017ல பெப் 545ன்னு ஒரு ஆவணம் எழுதி, மொழிபெயர்ப்புக்கு ஒழுங்கான நடைமுறை வகுத்தாங்க. ஒவ்வொரு மொழிக்கும் முகவரியில தனி இடம், பொறுப்பாளர், பி.ஓ. கோப்புகளுக்குத் தனி ரெப்போ. டுடோரியல் மாதிரி அடிப்படையான பகுதிகள் முழுசா முடிஞ்ச பிறகுதான் அந்த மொழி மேல இருக்கற தேர்வுப் பட்டியல்ல வரும். அங்க ஒண்ணு, இங்க ஒண்ணுன்னு தூவி வச்சுட்டு "நாங்களும் இருக்கோம்"னு போர்டு மாட்ட முடியாது. நல்ல விதி.

விக்கி ஆட்களுக்கும் இதே வசதி உண்டு. மீடியாவிக்கிக்கு 'டிரான்ஸ்லேட்'னு ஒரு நீட்சி இருக்கு. மூலப் பக்கத்துல குறி போட்டா அதைத் துண்டு துண்டா பிரிச்சுக்கும். மூலம் மாறி, பொறுப்பாளர் அதை மொழிபெயர்ப்புக்குன்னு மறுபடி குறிச்சதும், மாறின துண்டோட பழைய மொழிபெயர்ப்பு இளஞ்சிவப்புப் பின்னணியில தெரியும். எத்தனை சதவீதம் முடிஞ்சிருக்குன்னும் காட்டும். மீடியாவிக்கியோட சொந்த உதவிப் பக்கங்கள், கேடிஈயோட யூசர்பேஸ் எல்லாம் இதுலதான் ஓடுது. எழுதறவருக்கு பிரவுசர் ஒண்ணு போதும். அந்தத் தமிழாசிரியர் தைரியமா வரலாம்.

கிட்டும் வேணும், பிரவுசரும் வேணும்னா வெப்லேட். 2012ல ஆரம்பிச்ச திறந்த மூல மென்பொருள். பின்னாடி கிட், முன்னாடி சாதாரண வெப் பக்கம். மொழிபெயர்க்கறவர் பெட்டியில தட்டி சேமிச்சா, அவர் பேர்லயே கமிட் விழும். லிப்ரெஆபீஸ் 2019ல பூட்டில்லேர்ந்து இதுக்குத்தான் மாறினாங்க.

"பத்தி பத்தியா நறுக்கினா தமிழ் செத்துப்போகுமே, ஆங்கில வாக்கியத்தோட எலும்பு அப்படியே துருத்திக்கிட்டு தெரியுமே?" இந்தக் கேள்வி நியாயமானது. வாக்கியம் வாக்கியமா நறுக்கற டூல்ல நிச்சயம் அப்படித்தான் ஆகும். ஆங்கிலத்துல மூணு குட்டி வாக்கியம் இருந்தா, தமிழ்ல அதை ரெண்டாச் சேர்த்தா நல்லா ஓடும். வரிசையை மாத்தினா இன்னும் நல்லா ஓடும். ஒரு பெட்டிக்கு ஒரு வாக்கியம்தான்னா அதைச் செய்ய முடியாது. அதனால நறுக்கற அளவு பத்தியா இருக்கணும். ஒரு பத்திக்குள்ள எழுதறவருக்கு முழுச் சுதந்திரம் இருந்தா, கையேட்டுத் தமிழுக்கு அது போதும். நாம காவியம் எழுதலை, பிரிண்டர் ஏன் அச்சடிக்கலைன்னு சொல்லிக்கிட்டு இருக்கோம்.

இப்ப இன்னொரு குரல் கேட்கும். "இவ்வளவு எதுக்கு சார்? மூலம் மாறினா ஏஐ கிட்ட குடுத்தா ஒரு நிமிஷத்துல பத்து மொழியில மாத்திக் குடுத்துடுமே." குடுக்கும், இல்லைங்கலை. ஆனா அது மாத்தினது சரியான்னு பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேணும்ங்கறது மட்டும் மாறலை. 2025 அக்டோபர்ல மொஸில்லாவோட சப்போர்ட் தளத்துல ஒரு மொழிபெயர்ப்பு பாட் ஜப்பானியப் பக்கங்கள்ல இறங்கிச்சு. தன்னார்வலர்கள் வருஷக்கணக்கா செதுக்கின பக்கங்கள் மேலயே அது எழுத ஆரம்பிச்சது. தங்களோட நடை விதிகளை மதிக்கலை, மனுஷங்க பார்த்துச் சொல்ல நேரமே தரலை, புதுசா வர்றவங்களுக்குக் கத்துக்குடுக்க வாய்ப்பே இல்லாம போச்சுன்னு குற்றம் சாட்டிட்டு, நவம்பர்ல அந்தக் குழுவோட தலைவர் விலகிக்கறதா அறிவிச்சார்.

அங்க இயந்திரம் நல்லா மொழிபெயர்த்ததா இல்லையாங்கறதைவிட, 'சரி' சொல்ற அதிகாரம் யார் கையில இருந்ததுங்கறதுதான் பிரச்சினை. இயந்திரம் எழுதினது பரிந்துரையா பெட்டிக்குப் பக்கத்துல வந்து நின்னா, அது உதவி. நேரா பக்கத்துல போய் உட்கார்ந்தா, மனுஷனை வீட்டுக்குப் போகச் சொல்ற மாதிரி. நீங்க தேர்ந்தெடுக்கற தளத்துல "பரிந்துரை", "ஏற்கப்பட்டது"ன்னு ரெண்டு நிலை தனித்தனியா இருக்கா, ரெண்டாவதை அந்த மொழிக்காரர் மட்டும்தான் தர முடியுமான்னு பாருங்க.

அப்புறம் ஒரு விஷயம், தளம் செத்துப்போனா என்ன ஆகும்? சாகாதுன்னு யாரும் நினைக்க வேண்டாம். 2006ல வந்த கூகுள் கோட், 2016 ஜனவரியோட மூடியாச்சு. அதோட விக்கியில கையேடு எழுதி வச்சவங்க மூட்டை கட்ட வேண்டி வந்தது. டிரான்ஸிஃபெக்ஸ் 2007ல ஃபெடோராவுக்காக ஆரம்பிச்ச திட்டம், 2013ல திறந்த மூலமா இருக்கறதை நிறுத்திக்கிட்டாங்க. ஃபெடோரா அங்கேர்ந்து ஸனாட்டாவுக்குப் போய், அங்கேர்ந்து வெப்லேட்டுக்குப் போனாங்க. மூணு வீடு மாறியும் குடும்பம் நடக்குதுன்னா, சாமான் எல்லாம் பி.ஓ. மாதிரி பொதுவான வடிவத்துல இருந்ததுதான் பெரிய காரணம். வெளியே எடுக்க முடியாத தளத்துல நாலு வருஷம் எழுதறது, வாடகை வீட்டுல கிணறு வெட்டற மாதிரி.

சரி, என்னதான் பண்றது? நண்பர் ஒருத்தர் சின்னக் கடைகளுக்கான இலவச பில்லிங் மென்பொருள் செய்யறார். தமிழ், கன்னடம், இந்தி மூணுலயும் கையேடு வேணுமாம். அவருக்கு நான் சொன்னதையே இங்கயும் சொல்றேன்.

மூலத்தை எழுதறது புரோகிராமர்கள், கோடோட சேர்த்துத்தான் எழுதுவாங்கன்னா, ஸ்ஃபிங்க்ஸ் மாதிரி ஒண்ணு, மேல வெப்லேட். மூலத்தையே பயனர்களும் தன்னார்வலர்களும் சேர்ந்து எழுதற நிலைமைன்னா, மீடியாவிக்கியும் டிரான்ஸ்லேட் நீட்சியும். ஒரு மொழிக்கு ரெண்டு புரோகிராமர்கள் நிரந்தரமா இருக்காங்க, ஒப்பிடற ஸ்கிரிப்ட் தயாரா இருக்குன்னா மட்டும் வெறும் கிட் ஃபோல்டர். ஒரு மொழிக்கு ரெண்டு பேர்கூட தேறலைன்னா, அந்த மொழியில மொத்தக் கையேடும் வேண்டாம். நிறுவுவது எப்படி, முதல் பில் போடுவது எப்படி, பேக்கப் எடுப்பது எப்படின்னு மூணே பக்கம் போதும். மூணு பக்கம் உயிரோட இருந்தா அதுவே பெரிய விஷயம்.

எதை எடுத்தாலும் முடிவு பண்றதுக்கு முன்னாடி அரை நாள் ஒதுக்கி ஒரு சோதனை செஞ்சு பாருங்க. அஞ்சு பத்தி ஆங்கிலத்துல எழுதுங்க. கிட் தெரியாத ஒருத்தரை உட்கார வச்சு, நீங்க வாயைத் திறக்காம, தமிழ்ல எழுதச் சொல்லுங்க. அப்புறம் மூணாவது பத்தியில "அழிக்காது"ங்கறதை "அழிக்கும்"னு மாத்துங்க. தமிழ்ப் பக்கத்துல என்ன தெரியுதுன்னு பாருங்க. எழுதினவருக்குத் தகவல் போச்சான்னு பாருங்க. கடைசியா எல்லாத்தையும் கோப்பா வெளியே எடுக்க முடியுதான்னு பாருங்க.

முடிஞ்சா தேடல் பெட்டியில "கோப்பு"ன்னு தேடுங்க. "கோப்பை", "கோப்பில்", "கோப்புகள்" இருக்கற பக்கமெல்லாம் வருதா? வேற்றுமை உருபு சேர்ந்தா சொல்லோட வால் மாறிடும், எழுத்துக்கு எழுத்து ஒப்பிடற தேடல் அங்க கோட்டை விட்டுடும். (கோப்பைன்னு தேடினா டீ கிளாஸ் வந்தா அதுக்கு நான் பொறுப்பில்லை.)

இந்த அரை நாள் சோதனையில தேறாத டூல், எடிட்டர் எவ்வளவு பளபளன்னு இருந்தாலும் எனக்கு வேண்டாம். உங்க டீம்ல வேற ஏதாவது வழி பல வருஷமா நல்லா ஓடுதுன்னா பின்னூட்டத்துல எழுதுங்க. முக்கியமா, மூலம் மாறினதை யாரு எப்படி கவனிக்கறாங்கன்னு சொல்லுங்க. டூல் பேரைவிட எனக்கு அதுதான் வேணும்.